ஆயுத பூஜைக்கு மறுநாள் போட்ட ஜாயின்ட்

பெங்களூர் பீன்யாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தக்காளி விழுது காய்ச்சுகிறார்கள். சுவைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பாய்லரிலிருந்து கொப்பரைகளுக்குப் போகும் நீராவிக் குழாய்கள்தான் என் பொறுப்பு. பராமரிப்பில் பொம்பளை எஞ்சினியர் என்றால் ஒன்று பயந்தவளாக இருப்பாள், இல்லையென்றால் வாயாடியாக இருப்பாள் என்று அங்கே ஒரு கணக்கு உண்டு. நான் இரண்டாவது ரகம்.

எனக்கும் எங்கள் மேனேஜருக்கும் ஓயாத தகராறு போல்ட் இறுக்குவதில்தான். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு இரும்புத் தட்டு இருக்கும். நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட் வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மேனேஜர் வளர்ந்தது சுத்தியல் காலத்தில். ஸ்பானரை மாட்டி, அதன் வாலில் சம்மட்டியால் நாலு போடு போட்டால் முடிந்தது என்பார். ஒரு பக்கம் அளவுக்கு மேல் இறுகும், எதிர்ப்பக்கம் வாயைப் பிளக்கும். நான் கேட்டு வாங்கியது டார்க் ரெஞ்ச். எவ்வளவு விசை என்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும். போல்ட்டையே நேராக இழுத்து நீட்டிப் பிடிக்கிற ஹைட்ராலிக் டென்ஷனர் இன்னும் நம்பகமானது. ஆனால் நடுத்தரக் குழாய்க்கு அதை வரவழைப்பது அதிகப்படி என்று நானே விட்டுவிட்டேன்.

டார்க் ரெஞ்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. நட்டு எவ்வளவு சிரமப்பட்டுத் திரும்புகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். போல்ட் உண்மையில் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று தெரியாது. அதனால் மரையில் வழுக்குப் பேஸ்ட் பூசித்தான் போட வேண்டும். எங்கள் போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு. பேஸ்ட் இல்லாவிட்டால் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பூஜை முடிந்ததும் ஒரு புது வால்வு மாட்ட வேண்டியிருந்தது. விடுமுறைக்கு முன்பே அதன் எட்டு போல்ட்டுகளுக்கும் பேஸ்ட் பூசி, ட்ரேயில் அடுக்கி, ஃபிட்டரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஃபிட்டர் தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கான்ட்ராக்டில் இருப்பவர். அவரை நான் அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். வேலையில் சுத்தம். ரோஷம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

பூஜைக்கு மறுநாள் காலை வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் காயவில்லை. எல்லார் சட்டைப் பையிலும் பூஜைப் பொரி, அங்கே அதற்குக் கடலேபுரி என்று பெயர். நான் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். ஃபிட்டரும் அவருடைய ஆட்களும் புது வால்வை ஏற்றி, டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்கி முடித்தார்கள். நீராவியைத் திறந்துவிட்டார்கள். கொப்பரைகளில் தக்காளி கொதிக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் மேலே ஜாயின்ட்டில் சீறல் கேட்டது.

நான் ஓடி வந்தபோது மேனேஜர் கீழே நின்று கன்னடமும் தமிழுமாகக் கத்திக்கொண்டிருந்தார். "ஏன்ரீ மேடம், உங்க டார்க் ரெஞ்ச் லட்சணத்தைப் பாருங்க! ஸ்வல்ப டைட் மாடிபிடி, கொஞ்சம் இறுக்கினாப் போதும். ரெண்டு அடி போட்டா நின்னுடும்!"

அவர் சொன்னதுகூட எனக்குப் புதிதில்லை. ஆனால் ஃபிட்டர் அதைக் கேட்டுச் சம்மட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டார். நீராவி உள்ளே முழு அழுத்தத்தில் இருக்கிறது. இந்த மனுஷன் அதன் மூஞ்சிக்கு நேராக நின்று அடிக்கப் போகிறார்.

"அண்ணா, இறங்குங்க!"

"என் கை வேலை மேடம். நான் போட்ட ஜாயின்ட் ஒழுகுதுன்னா எனக்குத்தானே அசிங்கம்? ரெண்டே அடி, வந்துடறேன்."

"அசிங்கமாவது மண்ணாவது! உங்களுக்கு என்ன பைத்தியமா? லைன் உயிரோட இருக்கு. இறங்குங்கன்னா இறங்கணும்!"

"ஏன்ரீ, அவனே போறேன்றான்," என்றார் மேனேஜர். "லைனை மூடினா கொப்பரை மொத்தமும் அடிப்பிடிச்சுப் போகும். யார் பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், அப்ப நீங்க ஏறுங்க. நான் ஏணி பிடிக்கிறேன்."

அவர் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரடி பின்னால் நகர்ந்தார். நான் நேரே பாய்லர் பக்கம் போய் அங்கிருந்த வால்வை மூட வைத்தேன். சீறல் இறங்கி, அப்புறம் நின்றது. தக்காளி என்ன ஆனது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபிட்டர் ஏணியடியில் சம்மட்டியோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். நாலு பேர் முன்னால் திட்டிவிட்டேன் என்று கோபம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழாய் ஆறியதும் நானும் ஃபிட்டரும் மேலே ஏறினோம். முதல் நட்டைக் கழற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேஸ்ட்டின் சுவடே இல்லை. மரை பளபளவென்று இருந்தது. போல்ட்டின் நுனியில் ஒரு குங்குமப் பொட்டு.

"என்னண்ணா இது?"

"பூஜைல வெச்சோம்ல மேடம்? கறுப்பா அப்பிக்கிட்டுக் கிடந்துது. அப்படியேவா சாமி முன்னாடி வெப்பாங்க? மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு நல்லாத் துடைச்சேன்." அவர் குரலில் பெருமைகூட இருந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். காய்ந்த மரையில் நட்டு முரண்டு பிடித்திருக்கிறது. அந்த முரண்டையே இறுக்கம் என்று நம்பி ரெஞ்ச் 'டக்' என்று சொல்லியிருக்கிறது. கேஸ்கெட்டின் மேல் பாதி பிடிப்புகூட விழவில்லை. இதை அவரிடம் சொன்னேன். இந்தமுறை கத்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டே அடுத்த நட்டில் ஸ்பானரை மாட்டினார்.

அது வரவில்லை. கவ்விக்கொண்டுவிட்டது. சம்மட்டி இல்லை, ஒன்றும் இல்லை. கையால்தான் ஒருமுறை அழுத்தி இழுத்தார். போல்ட் 'பட்' என்று முறிந்து, நட்டோடு கீழே தரையில் விழுந்து உருண்டது.

கீழே நின்றிருந்த மேனேஜர் அதைக் குனிந்து எடுத்தார். முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து எங்களைப் பார்த்தார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து சம்மட்டி என்ற வார்த்தை வரவில்லை. புது போல்ட்டுகள் வாங்கிவர அவரே ஆளை அனுப்பினார். பேஸ்ட்டை இனிமேல் ஜாயின்ட் பக்கத்திலேயே, மாட்டுவதற்கு முன்தான் பூசுவது என்று நான் சொன்னபோது சரி என்று மட்டும் சொன்னார். பூஜைத் தட்டில் டார்க் ரெஞ்சை வையுங்கள், போல்ட்டை வைக்காதீர்கள் என்றும் சொல்லிவைத்தேன்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. போல்ட் முறிந்த அந்த நேரம் ஃபிட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். போல்ட் இருந்த ஓட்டையைப் பார்த்தார். அது சரியாக அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"அடிச்சிருந்தா மேடம்..." என்றார்.

எனக்கு இப்போது கோபம் இல்லை, பயம்தான். அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டுவது.

"உட்கார்ந்துக்கிட்டே இருந்தா எப்படி? முதல்ல வீட்டுக்கு ஒரு போன் போடுங்க."

அவர் போனை எடுத்தார். நம்பரை அழுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"என்னன்னு சொல்றது மேடம்?"

"சாயங்காலம் வந்துடுவேன்னு சொல்லுங்க."