ஐயங்கார் சொன்ன ‘வாங்க’

லக்ஷ்மிநரசிம்மனுக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருந்த பங்குத் தரகு ஆபீசில் தொண்ணூற்றொன்றில் இருவரும் சேர்ந்தோம். நான் கணக்கு, அவர் பக்கத்து மேஜை. அடுத்த வருடமே கம்ப்யூட்டர் வந்தது. கூச்சல் போட்டு நடந்த வியாபாரம் சத்தமில்லாமல் திரைக்குள் போய்விட்டது.

அவருக்குக் கிடைத்த வேலைக்கு மார்க்கெட் மேக்கர் என்று பெயர். மிரள வேண்டாம். பழைய பாத்திரக் கடைக்காரர் செய்வதுதான்: எடுத்தால் ஒரு விலை, கொடுத்தால் ஒரு விலை, வித்தியாசம் கடைக்கு. ஒரகடத்துப் பம்ப் கம்பெனி ஒன்றின் பங்குக்கு எங்கள் ஆபீஸ்தான் அந்தக் கடை. இரண்டு விலையும் எப்போதும் திரையில் இருக்க வேண்டும், போட்ட விலைக்கு விற்க வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. யாரும் சீந்தாத நாளிலும் வாங்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியத்தில்தானே ஜனங்கள் பங்கைத் தொடுவார்கள்!

அவருக்கென்றே ஏற்பட்ட வேலை. வாசலில் யார் தலை தெரிந்தாலும் எழுந்து வரவேற்பார். வீட்டில் ‘வாங்கோ’, ஆபீசில் எங்களுக்காக ‘வாங்க’. பக்கத்து மண்ணூரிலிருந்து வருகிறவர்கள் அவரை ‘ஐயரே’ என்பார்கள். வேறு ஐயங்காராக இருந்தால் குதித்திருப்பார். இவர் அதற்கும் சிரிப்பார்.

கம்ப்யூட்டரில் உட்காருபவள் ஷாரோன். திரையின் ஓரத்தில் ‘வாங்க’, ‘விற்க’ என்று இரண்டு சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். அவர் அதில் ஒன்றைச் சொல்வார், அவள் பொத்தானைத் தட்டுவாள். தட்டினால் தட்டியதுதான், திரும்பப் பெற முடியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, பம்ப் கம்பெனி கேண்டீனில் வேலை செய்யும் கிளியம்மாள், கம்பெனி கொடுத்த பங்குகளை விற்க வந்தாள். வீடு ஒழுகுகிறது, கூரைக்கு ஷீட் போட வேண்டும். ஷாரோன் விவரத்தைத் திரையில் ஏற்றியதும், கிளியம்மாள் டீ குடித்துவிட்டு வருவதாகக் கீழே இறங்கினாள். அந்த நேரம் பார்த்து மெட்ராசிலிருந்து முதலாளி லக்ஷ்மிநரசிம்மனுக்குப் போன் செய்தார். அவர் கத்தியது என் மேஜைவரை கேட்டது.

“பெரிய ஆர்டர் ஒண்ணு அந்தக் கம்பெனி கைவிட்டுப் போச்சுய்யா. நாளைக்கு பேப்பர்ல வந்தா விலை விழுந்துடும். இனிமே ஒண்ணுகூட வாங்காதே. மெஷின் ரிப்பேர்னு சொல்லு.”

“திரையில விலை போட்டிருக்கே சார்...”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

போனை வைத்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

“கிளியம்மாளுது இன்னா சார் பண்றது? வாங்கவா, வேணாமா?” என்றாள் ஷாரோன்.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கிளியம்மாள் திரும்பி வந்து, ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் தயங்கி நின்றாள்.

“வாங்க, வாங்க!” என்றார்.

ஷாரோன் தட்டிவிட்டாள்.

‘வாங்கோ’ என்றிருந்தால் தப்பித்திருப்பார். எங்களுக்காகப் பழகிய பேச்சு அவரைக் கவிழ்த்துவிட்டது.

மெட்ராஸ் திரையிலும் அது உடனே தெரிந்திருக்க வேண்டும். மறுபடி போன்.

“யார்யா வாங்கச் சொன்னது?”

ஷாரோன் அழ ஆரம்பித்திருந்தாள். ‘அவள் தெரியாமல் தட்டிவிட்டாள் என்று சொல்லித் தொலையுமேன்!’ என்று நான் ஜாடை காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

“நான்தான் சார் சொன்னேன், வாங்கன்னு.”

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னது எங்கள் மூவருக்கும் கேட்டது. அவர் டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடப்பிறந்தவன்மேல்கூட எனக்கு அத்தனை பாசம் பொங்கியதில்லை.

கிளியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னா ஐயரே, கொட்ற மழைல கெளம்பிட்டீங்க? நம்ம வேலை ஆயிடுச்சா?”

“ஆயிடுத்தும்மா. நாளைக்கே ஷீட்டைப் போட்டுடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.