வயதைக் கூட்டச் சொன்ன முகம்

மேக்கப் வேலை என்று சொன்னதும் எந்த நடிகைக்குப் போட்டாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு நடிகைக்கு நான் எங்கே போவது? பனியன் டப்பாவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஆண்களுக்கும், நைட்டி விளம்பரத்தில் சிரிக்கிற பெண்களுக்கும், உள்ளூர் சேனலில் செய்தி வாசிக்கிறவர்களுக்கும் போடுகிறேன். சில வருடங்களாகக் கம்பெனிப் படங்கள் நிறைய வருகின்றன. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர்களுக்காக, எங்கள் கம்பெனி எவ்வளவு சுத்தம், தொழிலாளர்கள் எவ்வளவு சந்தோஷம் என்று காட்டுகிற சின்னப் படம். அந்தச் சந்தோஷத்தில் பாதி என் பெட்டியிலிருந்து வருவது.

இந்தத் தொழில் எனக்குச் சந்தேகப் புத்தியைக் கொடுத்துவிட்டது. இருபத்தைந்து என்று வாய் சொல்லும், முப்பத்தைந்து என்று கழுத்து சொல்லும். நான் கழுத்தைத்தான் நம்புவேன். இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் தண்ணீர் கலக்கவில்லை என்று சத்தியம் செய்தால், உடனே பாலை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன். ‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். ஏமாந்த சோணகிரியாக இருப்பதைவிட இது மேல்.

ஆனால் என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் வயதைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே, மங்கலம் தாண்டி இருந்த ஒரு கம்பெனியில்தான் முதல்முறையாக ஏற்றச் சொன்னார்கள். சொன்னது அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மா. சாம்பிள் அறையை மேக்கப் அறையாக்கி, படத்தில் வரப்போகிற தொழிலாளர்களை ஒவ்வொருவராக என் முன்னால் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

“ஏனுங்க்கா, இந்தப் புள்ளைய மட்டும் கொஞ்சம் வயசானவங்களாட்டக் காட்டுங்க. பையர் பாக்கற படம். அப்பறம் ஏதாச்சும் கேட்டுப் போடுவாங்க.”

பெண்ணைப் பார்த்தேன். என் தோள் உயரம்கூட இல்லை. உருண்டைக் கன்னம், மீசை அரும்பாத பையனுக்கு இருப்பது மாதிரி ஒரு மழமழப்பு. கழுத்தில் ஒரு கோடு கிடையாது. ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டியவளைப் பிடித்துவந்து மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போகிறார்கள். மறைக்கிற கரண்டி நான்.

“அப்படின்னா வேற ஆளைப் போடலாமுங்களே?” என்று கேட்டேன்.

“சொல்லிப் பாத்தாச்சுங்க்கா. நான்தான் முன் மெஷின்ல உக்காருவேன்னு அவளே நிக்கறா. ஓவர்லாக் மெஷின்ல அவளாட்டத் தைக்கற ஆளும் இல்லீங்க.”

அவளே கேட்டாளாம். இதை நம்ப வேறு ஆளைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஹெச்.ஆர். அம்மா வெளியே போனதும் கதவைச் சாத்தினேன். முகத்தைத் துடைக்கிற சாக்கில், “உனக்கு என்ன வயசு கண்ணு?” என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். “இருபத்தேழு முடிஞ்சிட்டு. எட்டு மணி நேர வேலை. ஓவர்டைம் எங்க விருப்பம். குடிக்கத் தண்ணி, கழிப்பறை எல்லா வசதியும் இருக்கு. யாரும் திட்ட மாட்டாவ.”

நான் கேட்டது வயதை மட்டும். பையர் ஆட்கள் ஆடிட் என்று சோதனைக்கு வரும்போது என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனிகளில் சொல்லிக்கொடுப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். வயதும் தண்ணீரும் கழிப்பறையும் ஒரே மூச்சில் வந்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை. இப்படி ஒப்பிக்கப் பழக்கியவர்கள்மேல்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆயிட்டு. ஒரு பொம்பளப் புள்ள.”

“தாலி எங்கே?”

“மெஷின்ல மாட்டும்னு சட்டைக்குள்ள போட்டுருக்கேன்.” எடுத்துக் காட்டினாள். மஞ்சள் கயிறு. பெரிய கடைவீதியில் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்று என் புத்தி சொன்னது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. “நீங்களும் நம்பமாட்டிய,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

போட்ட மேக்கப் அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முகத்தையும் போனில் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். அவளை மேக்கப் போடுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்தேன். அது வேலைக்காக எடுத்தது இல்லை. குழந்தைத் தொழிலாளர் என்று புகார் கொடுக்கிற இடத்துக்கு அனுப்ப எடுத்தது. பிறகு வயதைக் கூட்டாமல், லேசாகப் பவுண்டேஷன் மட்டும் பூசி ஒரு பொட்டு வைத்தேன். முன்பைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். தெரியட்டும், பையர் பார்த்துக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடியில் பார்த்ததும் அவள் முகம் வாடிப்போனது. எழுந்து போனாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் கேண்டீன் பக்கம் போக, அவள் மட்டும் கேட்டை நோக்கி ஓடினாள். என் புத்தி விடுமா? யாரோ ஏஜெண்டைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூல் ஆட்டோ நின்றது. யூனிஃபார்ம் போட்ட ஒரு சிறுமி அதிலிருந்து குதித்து வந்து, “அம்மா, டிபன் பாக்ஸ் மூடி உடைஞ்சிட்டு,” என்று ஆரம்பித்தாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளி. வீட்டுச் சாவி வாங்க வந்திருக்கிறாள். இவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்து, அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட்டு, மூடி உடைந்ததற்கு ஒரு குட்டு வைத்தாள். சிறுமி அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தாள். மூக்கும் உதடும் அச்சு அசல் அதே.

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. வாட்ச்மேனிடம், “அது தங்கச்சிங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சாமி, அவ பெத்த புள்ளைங்க. மூணாங்கிளாஸ் படிக்குது. இங்க சேந்த புதுசுல நாங்களும் அப்புடித்தான் நெனச்சமுங்க.”

கூசிப்போய்விட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் சொன்ன வயது சரியாக வந்தது. அவள் ஒப்பித்தது உண்மையைத்தான். போனிலிருந்த படத்தை அங்கேயே நின்று அழித்தேன்.

திரும்பி வந்தவளை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்து, வயதைக் கூட்டிக்கொண்டாவது முன் மெஷினில் உட்காருவேன் என்று எதற்காக நிற்கிறாள் என விசாரித்தேன். இந்த முறை ஒப்பிக்காமல் சொன்னாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். இங்கேயும் பையர் ஆட்கள் வருகிற நாளெல்லாம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். முந்தைய கம்பெனியில் அப்படி அனுப்பி அனுப்பி, இவளால் வம்பு எதற்கு என்று கடைசியில் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

“ஆதார் கார்டக் காமிச்சாலும் சந்தேகமாத்தான் பாக்காவ அக்கா. படத்துல பெரியவளா இருந்துட்டா, பாத்து பாத்து அவுகளுக்குப் பழகிரும்லா. இங்கயும் போச்சுன்னா நான் எங்க போவேன்?”

அவளுடைய வேலையே அந்த முகத்தில்தான் இருந்தது. அதை நான் காலையில் வெறும் பவுண்டேஷனைப் பூசிக் கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நான் வஞ்சனை செய்யவில்லை. கன்னத்து உருண்டையைப் பழுப்பு நிறத்தில் அடக்கினேன். கண்ணுக்குக் கீழே மெல்லிய நிழல். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இரண்டு கோடுகளை வரைந்து, விரலால் தேய்த்துத் தோலோடு சேர்த்தேன். இத்தனை வருடமாக மற்றவர்கள் முகத்தில் நான் அழித்த கோடுகளையெல்லாம் இவள் முகத்தில் தேடித் தேடிப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தவள், “எங்கம்மை மாதிரில்லா இருக்கேன்,” என்றாள். கொஞ்சம் கூடிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதற்குள் ஷாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தையல் லைனில் முதல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். டைரக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“முன்னாடி இருக்கற அந்தம்மா வயசானவங்களாத் தெரியறாங்க. பின்னாடி அனுப்பிட்டு யாராவது சின்னப் பொண்ணா உட்கார வைங்க.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒருத்தியை வயதானவளாகக் காட்டினாலும் குற்றம், காட்டாவிட்டாலும் குற்றமா என்று அவரிடம் நாலு வார்த்தை கேட்கத்தான் கிளம்பினேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அக்கா, வயசானவங்கன்னு சொன்னாரு, கேட்டியளா?” என்றாள். பக்கத்தில் நின்ற ஹெச்.ஆர். அம்மாவிடம் திரும்பினாள். “மேடம், நீங்களும் கேட்டியள்லா?”

ஹெச்.ஆர். அம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “கேட்டனுங் கண்ணு. அடுத்த வாட்டி அவங்க வந்தா ஊட்டுக்குப் போக வேண்டாம். மெஷின்லயே உக்காரு.”

முன் வரிசை போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி மெஷினில் போய் உட்கார்ந்து, வியர்த்தால் கோடு கலைந்துவிடும் என்று ஃபேனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.