காய்ச்சல் ஆவிக்குக் காட்டிய கற்பூரம்

விநாசித்தம்பிக்குப் பேய் பயம் உண்டென்பது மலாய் நாட்டு ஜார்ஜ்டவுன் கலைக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆங்கிலப் பள்ளிப் படிப்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை எல்லாம் இருந்தும் பயம் மட்டும் போகவில்லை. அவரைப் பிடித்துத்தான் சிலைகளுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

எண்பத்தேழில், பகாங் காட்டு ஒராங் அஸ்லி பழங்குடிச் சிற்பிகள் புதிதாகச் செதுக்கிய மரச்சிற்பங்கள் கண்காட்சிக்கு வந்தன. அதில் ஒன்று காய்ச்சல் ஆவி. பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு. அதைத் தூக்கி வைத்தவர் விநாசித்தம்பி. அன்று மாலையே ஒரே மகள் வள்ளிநாயகிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் மருந்துக்கும் அடங்கவில்லை.

“அதைத் தொட்ட கையோட பிள்ளையத் தூக்கினீங்கல்ல?” என்று மனைவி நல்லம்மா அழுதாள்.

மறுநாள் மனுஷன் மற்றவர்கள் வருமுன் கூடத்தைத் திறந்து, ஆவியின் நெற்றியில் திருநீறு பூசி, காலடியில் கற்பூரம் ஏற்றினார். “என் பிள்ளைய விட்டுடு” என்று கும்பிட்டார். நம் ஆட்களுக்குப் பயம் வந்தால் எதிரில் நிற்பது எதுவானாலும் சாமிதான்.

காய்ச்சல் இறங்கியது.

திறப்பு விழாவுக்கு வந்த சிற்பி பாக் ஈத்தாம், சிலையின் காலடியில் படிந்த கரியைப் பார்த்துவிட்டார். வேலை போனாலும் போகட்டுமென்று விநாசித்தம்பி மலாயில் எல்லாவற்றையும் கொட்டினார்.

“இது விற்கச் செதுக்கினது. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் மரம்” என்றார் சிற்பி.

விநாசித்தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா நீங்க கூப்பிட்டுட்டீங்களே! எங்க ஊர்ல இப்படிக் கூப்பிட்டா, நோய் தீர்ந்ததும் சிலையக் காட்டுல விட்டுடுவோம். அது மக்கினாத்தான் ஆவி போகும். வச்சிருந்தா, காய்ச்சல் விட்ட ஆளையே திரும்பப் பிடிக்கும்.”

விநாசித்தம்பி இயக்குநரிடம் ஓடினார், சிலையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார். கூடம் அதை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தது.

“பாரம்பரியத்த அழிய விடலாமா? நூறு வருஷம் நிக்கணும் லா!” என்றார் இயக்குநர். பூச்சி அரிக்காமல் மருந்தடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சாவியை விநாசித்தம்பியிடமே கொடுத்தார்.

சிலையைக் கொண்டுபோய் விடுவதற்கு, பாலிக் புலாவ் காடு ஒன்றும் தூரமில்லை. சாவியும் கையில்தான் இருந்தது. ஆனால் பிடிபட்டால் ஜெயில், பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? அந்தப் பயம் இந்தப் பயத்தைக் கட்டிப்போட்டது. வள்ளிநாயகி தும்மினாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் தினமும் போன் போட்டுக் கேட்பார்.

ஓய்வு பெறும்வரை, காலையில் கூடத்தைத் திறந்ததும் அவர் முதலில் போவது அந்தப் பெட்டியிடம்தான். கண்ணாடியில் முகத்தை ஒட்டி, ஒரு பூச்சித் துளையாவது விழுந்திருக்காதா என்று தேடுவார். மருந்து நன்றாகவே வேலை செய்தது.