தோசை கவுண்டருக்கு யார் வந்தார்கள்

தொண்ணூறுகளின் நடுவில் டெல்லி நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வேலை. தெற்குப் பிரிவை மதராசுக்கு மாற்றியபோது அதிலிருந்த தமிழர்களும் மலையாளிகளும் மொத்தமாகக் கிளம்பிப் போனார்கள்; வேறு பிரிவில் இருந்த நான் மட்டும் மிச்சம். உடனே எங்கள் பஞ்சாபி மேலாளருக்கு ஒரு யோசனை: இனி கேன்டீனில் தோசை கவுண்டர் எதற்கு?

"மதராசிகளே போயாச்சு. நானும் எப்பவாவது சாப்பிடுவேன், அதுக்காக ஒரு மாஸ்டரை வெச்சிருக்க முடியுமா?" என்று இந்தியில் சொல்லிவிட்டு, அதற்கு ஒரு கிராஃப் போட்டுத் தரச் சொன்னார். முடிவை எடுத்துவிட்டு ஆதாரம் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து வரும் தோசை மாஸ்டரின் வேலை என் கிராஃபில் தொங்கியது.

சாப்பாட்டுக் கூப்பன்களில் ஊழியர் எண் அச்சிட்டிருக்கும். பழைய கட்டுகளை வாங்கி, கவுண்டர் வாரியாக ஏற்றினேன். விசித்திரமாக இருந்தது. அத்தனை பேர் போன பிறகும் தோசை விற்பனை குறையவே இல்லை. அப்படியானால் தின்றது யார்? போனவர்களின் எண்களைத் தேடினேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைத்தன. பிறகுதான் உறைத்தது. அவர்களும் என்னைப் போலத்தான், வீட்டிலிருந்து டிபன் டப்பாவில் தயிர்சாதம் கொண்டு வந்தவர்கள். தோசைக்கு வரிசையில் நின்றதெல்லாம் பஞ்சாபிகளும் உத்தரப் பிரதேசத்துக்காரர்களும்.

இதை அட்டவணையாக நீட்டினால் மேலாளர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார் என்று தெரியும். கதையாகச் சொன்னேன். மீட்டிங்கில் பெயரில்லாமல் கோடுகளை மட்டும் காட்டி, "கவுண்டரை மூடினால் ரொம்பக் கஷ்டப்படப் போவது இந்த உயரமான கோடுதான்" என்றேன்.

"யார் அது?" என்றார் மேலாளர்.

எண்ணைச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து கூப்பன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். முதலில் அவர்தான் சிரித்தார். "அச்சா, கவுண்டர் இருக்கட்டும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் முதன்முறையாக அங்கே சாப்பிடப் போனேன். மாஸ்டர் முறுகலாக ஒரு தோசை போட்டுக் கொடுத்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பார் இனிக்குதே மாஸ்டர்" என்றேன்.

அவர் அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டார்.

"அது உங்களுக்காக வெச்சது இல்ல மேடம்."