முதலில் படுக்க வைக்க வேண்டியவர்கள்

என் அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள். முப்பத்தோரு வருஷமாக அதே அறைதான். கை வைக்க அகலமான பலகை போட்ட ஒரு நாற்காலி, பஞ்சு டப்பா, பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். முகம் மறந்துவிடும், நரம்பு மறக்காது என்பாள். யாராவது கையை நீட்டியதும்தான், "அட, நீங்களா!" என்று சிரிப்பாள்.

அந்தக் கட்டிலுக்கு ஒரு விதி உண்டு. "ஐயோ, பயமா இருக்கே" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. அவர்கள் கடைசிவரை ஒழுங்காக உட்கார்ந்திருந்து, நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். "எனக்கென்ன பயம்? எடுங்க" என்று சட்டைக் கையை மடிக்கிறவரைத்தான் நேராகத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள். "வெளிய சொல்லாத பயம் நேரா தலைக்கு ஏறும்மா. அவங்கதான் தொப்புனு விழுவாங்க."

ஒரு தடவை நானும் போய், "எனக்கென்ன" என்று சவடால் விட்டேன். தம்பிதானே என்று நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டாள். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அவள் விதியை மீறியது அந்த ஒரு முறைதான், அதற்கும் காரணம் நான்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். "தைரியமா திருப்புங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிறேன். எனக்கு என்ன, என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அடுத்தவருக்குத் தைரியம் சொல்வது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு. தைரியம் சொல்ல உறவுக்காரர்கள் வந்தார்கள். தைரியம் சொல்ல வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டியைப் போகிற திசைக்குத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அம்மா மூலையில் சுருண்டு கிடந்தாள். அக்கா அழாமல் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டு, "இது பொண்ணா? சிங்கம்! இவ இருக்கும்போது இந்தக் குடும்பத்துக்கு என்ன கவலை?" என்றார். அதோடு அவருடைய கவலை தீர்ந்தது. பிறகு அந்தப் பக்கம் அவரைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

பெரியப்பாவைத் திட்டி என்ன பயன்? அந்தப் பட்டத்தை அவர் ஒரு நாள்தான் பயன்படுத்தினார், நாங்கள் முப்பத்தைந்து வருஷம் பயன்படுத்தினோம். வீட்டில் எலி செத்து நாறினால், கூப்பிடு சிங்கத்தை. வீட்டுக்காரர் வந்து கத்தினால், போய்ப் பேசு சிங்கம். என் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினாலும் சிங்கம்தான் போனது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னதாக எனக்கு ஞாபகம். வேணுமா என்று நாங்கள் யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றபோது, சம்மதம் என்று உறவினர் கையெழுத்துப் போட ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, மீசை வைத்த ஆண்பிள்ளை. "நீ போட்டுடுக்கா, உனக்குத்தான் தைரியம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நழுவினேன். அவள் போட்டாள். அம்மா உயிரோடு வெளியே வரவில்லை. அன்றைக்கும் அக்கா அழாததைப் பார்த்து, "என்னா தைரியம்!" என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான்.

போன வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார்கள். தன் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நகரத்தின் மறுகோடியில் வேறொன்றில் தேதி வாங்கினாள். "நான் கூட வரட்டுமாக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"எதுக்கு? ஊசியப் பார்த்தாலே நீ விழுந்துடுவ. எனக்கென்ன பயம்? நானே போய்ட்டு வந்துடுவேன்."

அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அப்படித்தான் இருந்தது.

முதல் தேதியில் டாக்டர் ஊரில் இல்லை என்று திரும்பி வந்தாள். இரண்டாவது தேதியில் மிஷின் ரிப்பேர் என்றாள். அதற்குள் கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட ஆரம்பித்தாள். நானும் அந்த ஆஸ்பத்திரியை நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலை, ஒரு அம்மாளுக்குப் பின்பக்கமாக வண்டி எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"நீங்க கழுத்துக் கட்டி பேஷன்ட்டோட தம்பிதானே? உறவினர்னு உங்க நம்பர்தான் எழுதியிருக்காங்க" என்றது ஒரு பெண் குரல். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து. "உங்க அக்கா ரெண்டு தடவையும் கவுன்ட்டர் வரைக்கும் வந்தாங்க சார். ஃபாரத்தை வாங்குனாங்க, படிச்சாங்க, மடிச்சு பையில வச்சுக்கிட்டு போய்ட்டாங்க. இன்னொரு தேதி போடவா, வேணாமா? டாக்டர் கோபமா இருக்காரு."

"என்ன ஃபாரம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

அந்த அம்மாளை வீட்டில் இறக்கிவிட்டு நேரே அக்காவின் அறைக்குப் போனேன். காலைக் கூட்டம் வடிந்து, அவள் பஞ்சு டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அங்கிருந்து போன் பண்ணாங்கக்கா."

அவள் கை ஒரு விநாடி நின்றது, பிறகு மறுபடியும் பஞ்சைத் திணித்தது. "சும்மா கூட்டம் அதிகமா இருந்துச்சு, வந்துட்டேன். அடுத்த வாரம் போறேன். எனக்கென்னடா பயம்?"

அந்தச் சொல்லை அந்த அறையில் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பச்சைத் திரையை விலக்கினேன்.

"படுக்கா."

"என்னது?"

"படு. இந்த ரூம்ல உன் சட்டம்தானே?"

சிரித்தாள். பைத்தியக்காரா என்றாள். நான் திரையைப் பிடித்தபடியே நின்றேன். சிரிப்பு பாதியில் எங்கோ போயிற்று. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள், முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு நான்தான்டா கையெழுத்து போட்டேன்" என்றாள். "அந்த ஃபாரத்தப் பார்த்தாலே என் கை எழுத மாட்டேங்குது. கத்தி எடுக்கப் போறாங்கன்னு நெனச்சா கால் தன்னால வாசலுக்குத் திரும்பிடுது. இத நான் யார்கிட்டடா சொல்றது? எல்லாரும் சிங்கம் சிங்கம்னு சொல்லிட்டீங்க."

முப்பத்தைந்து வருஷத்து அழுகையை அவள் அழுதாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். தைரியம் சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, மூடிக்கொண்டேன்.

"நீ சிங்கமெல்லாம் இல்லக்கா" என்றேன் கடைசியில். "எங்களுக்கு வசதியா இருந்துச்சுன்னு சொன்னோம். அந்தப் பட்டத்த வாபஸ் வாங்கிக்கிறேன். நீ பயந்துக்கோ. நான் கூட வர்றேன்."

மூன்றாவது தேதியில் போனோம். கட்டி கெட்ட கட்டி இல்லை. இப்போது அவள் கழுத்தில் மெல்லிய கோடு ஒன்றுதான் மிச்சம், அவளும் தன் அறைக்குத் திரும்பிவிட்டாள். இதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஆனால் நான் சொல்ல நினைத்தது ஆபரேஷனுக்கு முந்தைய அரைமணி நேரத்தை.

கவுன்ட்டரில் ஃபாரத்தை நீட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். உறவினர் என்று போட்டிருந்த கோட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் தன் இடத்தில் போட்டாள்.

உள்ளே, கையில் ஊசி குத்தி வைக்க ஒரு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். "பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"ரொம்ப பயமா இருக்கும்மா" என்றாள் அக்கா.

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க எப்படி? ஊசி குத்துறதப் பார்ப்பீங்களா, வெளிய நிக்கிறீங்களா?"

'எனக்கென்ன' என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயம்தான் சிஸ்டர்" என்றேன். "ஆனா வெளிய போக மாட்டேன்."

நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் அக்காவின் மறு கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினேன். ஏதோ தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"டேய்" என்றாள் அக்கா. "ஊசி எப்பவோ குத்தியாச்சு. அது வலிக்கல. நீ பிடிச்சிருக்கறதுதான் வலிக்குது."

நான் கையை எடுக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.