கழுத்துப் பைப்பில் பச்சை நூல்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவதோடு நின்றவன் நான். பேனாவை எடுப்பதே டெலிவரி சலானில் கையெழுத்துப் போடத்தான். அப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வண்டியின் கழுத்துக்கு அடியில் விரல் நுனி அகலத்துக்கு ஒரு திட்டு இருக்கிறதே, அது என்ன என்று. நேரில் கேட்டால் எனக்கு வார்த்தை வராது. ஏதோ வெல்டிங் என்று சொல்லிவிட்டு டீ வைக்கச் சொல்ல உள்ளே போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு பனியன் கம்பெனியில் துணி ஸ்டோர் என் பொறுப்பு. நிட்டிங்கில் ஓடிய வெள்ளைத் துணி ரோல் ரோலாக எங்களிடம் வரும். அதைச் சாயப்பட்டறைக்கு அனுப்புவோம். கலர் ஏறித் திரும்பி வரும். அங்கே எங்கள் துணியோடு பத்துக் கம்பெனித் துணியும் கிடக்கும். நாம் அனுப்பியது நல்ல நூலில் ஓடிய துணியாக இருக்கும், திரும்பி வருவது மட்டமானதாக இருக்கும். சில பேர் இன்னும் கெட்டி. ரோலின் வெளிச்சுற்றில் நம் துணியையே விட்டுவிட்டு, உள்ளே வேறு துணியை ஒட்டித் தைத்துச் சுற்றி அனுப்புவார்கள். பதில் சொல்ல வேண்டியவன் நான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொன்னாலும் தப்பில்லை.

அதற்கு நாங்கள் ஒரு வேலை செய்வோம். துணியின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், கலர் பாலியஸ்டர் நூலால் ஒரு தையல் போட்டுவிடுவோம். பேனாவால் எழுதினால் சாயத்தில் போய்விடும். பாலியஸ்டரில் பருத்திச் சாயம் ஏறாது. துணி கறுப்பாகவே திரும்பி வந்தாலும் பச்சை நூல் பச்சையாகவே இருக்கும். வந்த ரோலைப் பிரித்து அந்த நூலைத் தேடுவதுதான் என் முதல் வேலை. இத்தனை வருடமாக அப்படித்தான்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். சாப்பர் என்று சொல்கிற அந்த நீள மூக்கு வண்டியை போனில்தான் முதலில் பார்த்தேன். முன் சக்கரம் எங்கேயோ இருக்கும், ஓட்டுகிறவர் பின்னால் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பிறகு போனில் வந்தவையெல்லாம் அந்த வீடியோக்கள்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இது என்ன ஆசை என்று சிரிப்பார்கள். கூட வேலை செய்த ஒருவர் ஓடாத 150 சிசி வண்டி ஒன்றை ஆர்சி புத்தகத்தோடு கொடுக்கத் தயாராக இருந்தார். வாங்கி, மண்ணரையில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தினேன்.

சேஸ் என்கிற அடிச்சட்டத்தை வெட்டி மாற்றின வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். மூலனூர் பக்கம் என் மாமனாருக்கு முருங்கைத் தோட்டம் இருக்கிறது. நடுவில் வண்டிப்பாதை நேராக ஓடும். அந்தப் பாதையில் ஓட்டினால் எனக்குப் போதும்.

புதுச் சாமான் வாங்க நமக்கு வழியில்லை. ஹேண்டில்பாருக்குச் சாயப்பட்டறையில் கழித்துப் போட்ட ஸ்டீல் பைப். சீட்டுக்கு ரெக்சினை என் மனைவி தைத்தாள். அவள் பனியன் கம்பெனியில் மோட்டார் மெஷினில் தைக்கிற பவர் டேபிள் டெய்லர். பின்னால் இன்னொரு சின்ன சீட்டும் தைத்துவைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "ஏனுங்க, ஒட்டகமாட்ட ஒன்னைச் செஞ்சு நீங்க மட்டும் ஏறிப் போவீங்களாக்கும்? எங்கப்பன் தோட்டத்துல நானும் ஒரு சுத்து வந்தாத்தான் ஆச்சு," என்றாள்.

மிச்சம் இருந்தது நடு பைப். சீட்டிலிருந்து, ஹேண்டில்பார் பொருந்துகிற கழுத்து வரை போகிற அந்த ஒரு பைப்தான் வண்டியின் முதுகெலும்பு. முன்சக்கரம் நீண்டு போவதால் கழுத்தில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் விழும். பைப் மெல்லிசாக இருந்தால் ஓடுகிறபோதே கழுத்து முறியும். ராயபுரத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாய்லரிலிருந்து கழற்றின கனமான பைப் கிடைத்தது. நானே தேடி, நானே தட்டிப் பார்த்து எடுத்தேன்.

வெல்டிங்குக்கு எங்கள் தெருக் கோடியில் கேட், கிரில் அடிக்கிற ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு இங்கே வந்து லைன் வீட்டில் இருக்கிறார். வண்டியைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசின ஒரே வெளியாள் அவர்தான். அவர் சிரிக்கவில்லை. தன் கை கிரைண்டரைத் தூக்கிக் கொடுத்து, வேலை முடிகிறவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாடகை என்ற பேச்சே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் என் கொட்டகையில் இருப்பார், இல்லையென்றால் நான் அவர் பட்டறையில் இருப்பேன்.

அவ்வளவு நல்லபடியாக இருந்தும், பைப்பை அவரிடம் கொடுப்பதற்கு முந்தின நாள் என் கை சும்மா இருக்கவில்லை. பச்சை பாலியஸ்டர் நூலைச் சின்னப் பந்தாக முடிந்து, பைப்பின் முன்பக்கத்தில் நாலு விரல் உள்ளே விட்டுப் பசை தடவி ஒட்டினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் அப்போது இல்லை. ஒரு சாமான் வெளியே போகிறது என்றால் அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சேஸ் வேலை முடிந்தது என்று அவர் சொன்னதும் போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவி அந்தப் பக்கம் போனதும், பின்பக்கத் திறப்பில் போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். கடைசிவரை கறுப்பாக இருந்தது. பச்சை இல்லை.

அன்றிலிருந்து எனக்கு எல்லாம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. பைப்பின் நடுவில் டேங்க் பிடிக்கிற பட்டையை அவர் சுற்றிலும் வெல்டு வைத்து வழுவழுவென்று தேய்த்திருந்தார். அதைப் பார்த்தால் ஒட்டு மாதிரி இருந்தது. பின்பாதி என் பைப், முன்பாதி வேறு பைப், ஒட்டை மறைக்கப் பட்டை. ரோலில் செய்கிற அதே வேலை. ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். பின்பாதி ஒரு சத்தம், முன்பாதி ஒரு சத்தம். கழுத்து வெல்டிங்கின்போது அவர் என்னை ஏன் வெளியே போகச் சொன்னார்? "கண்ணு போயிரும் அண்ணாச்சி, அந்தப் பக்கம் போயி நில்லுங்க," என்றாரே. கண்ணுக்காகத்தான் சொன்னாரா?

அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன். வாசலில் தண்ணீர்க் குடம் வைக்கப் புதிதாக ஒரு ஸ்டாண்ட். அதன் கால்கள் என் பைப் பருமனுக்கே இருந்தன. அவர் உள்ளே போன நேரத்தில் கையால் வளைத்துப் பிடித்துப் பார்த்தேன். கட்டை விரலும் நடுவிரலும் என் பைப்பில் எங்கே தொட்டனவோ அங்கேதான் தொட்டன. அவர் டம்ளரோடு வந்தபோது கையை எடுத்துக்கொண்டேன். பெயின்ட் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ஆமாம் என்றார்.

கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வரவில்லை. சாயப்பட்டறையில் கேட்பது கம்பெனிக்காக. அங்கே சலான் பேசும், நான் பேச வேண்டியதில்லை. இங்கே நான் வாயைத் திறந்து, நீங்கள் என் பைப்பை மாற்றினீர்களா என்று ஒரு மனிதரைப் பார்த்துக் கேட்க வேண்டும். மாற்றவில்லை என்றால் அப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? மாற்றியிருந்தாலும் எப்படி விழிப்பது?

அந்த ஞாயிறு நான் அவர் பட்டறைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. அவர் வந்து கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வண்டியத் தூங்க வச்சிட்டியளா?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இல்லையே என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் எதையோ மறைக்கிறேன் என்று மனைவி கண்டுபிடித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பின்சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போயி கேளுங்க. இல்லீன்னா மறந்துபோடுங்க. ரெண்டும் ஆகாதுன்னா, அது உங்க பைப்புத்தானான்னு தெரியற வரைக்கும் நான் அதுல உக்கோர மாட்டனுங்க."

கேட்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. மூன்றாவதாக ஒரு வழி எனக்குத் தெரிந்தது. ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்ததும், கழுத்துக்கு அடிப்பக்கம் நூல் ஒட்டிய இடத்தைக் கணக்குப் பண்ணி டிரில் வைத்தேன்.

டிரில் இறங்கவே இல்லை. பாதியில் நிறுத்தி டிரில் பிட்டை ஆறவிட வேண்டியிருந்தது. மெல்லிய பைப் என்றால் சடக்கென்று உள்ளே போயிருக்கும். ஒருவழியாக ஓட்டை விழுந்தது. நிட்டிங் மெஷின் ஊசியில் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். அப்படி ஒரு ஊசியை உள்ளே விட்டு, கொக்கியைப் பைப்பின் உள் விளிம்பில் மாட்டி, கனம் எவ்வளவு என்று பார்த்தேன். பின்பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். ஒரே கனம்.

அப்படியானால் நூல் எங்கே? ஊசியால் உள்ளே சுரண்டினேன். ஏதோ ஒன்று இடறியது. நெம்பியதும் உள்ளங்கையில் விழுந்தது. மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு மணி. நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை.

வெளி ஆட்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு நூல் பருத்தியா பாலியஸ்டரா என்று பார்க்க லைட்டரில் கொளுத்துவோம். பருத்தி என்றால் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் என்றால் உருகி, ஆறினதும் கெட்டியாக ஒரு மணி நிற்கும். தினமும் நான் செய்கிற சோதனை அது. விரலில் உருட்டினாலே சொல்லிவிடுவேன். சாயத்துக்குத் தாங்குகிற நூல் வெல்டிங் சூட்டுக்குத் தாங்காது என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. நூல் என்றால் சாயத்தொட்டிக்குப் போகிற நூல் என்றுதான் என் புத்தி பழகியிருந்தது.

மணியை மனைவியிடம் காட்டினேன். அவளும் உருட்டிப் பார்த்தாள். "பாலியஸ்டருங்க," என்றாள். அப்புறம் ஓட்டையைப் பார்த்தாள். "இத யாருங்க அடைக்கறது?"

வேறு தெருவில் வேறு வெல்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். கழுத்துக்குப் பக்கத்தில், இருக்கவே கூடாத இடத்தில் ஓட்டை. அந்தக் கழுத்தை வெல்டு செய்தவர் கையால் அடைத்தால்தான் மனைவியை ஏற்ற எனக்குத் தைரியம் வரும் போலிருந்தது. தள்ளுவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, சேஸை ஏற்றிக்கொண்டு போனேன்.

அவர் ஒரு கேட்டுக்கு ப்ரைமர் அடித்துக்கொண்டிருந்தார். குனிந்து ஓட்டையைப் பார்த்தார். விரலை வைத்துப் பார்த்தார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"தண்ணி நின்னா வடியறதுக்குங்க," என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில்.

"கழுத்துதான வண்டியிலயே உசரம். தண்ணி மேல ஏறி வந்தா வடியப் போவுது?"

கையில் இருந்த மணியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவர் அதைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். "எங்க வீட்டுக் குட ஸ்டாண்ட அன்னைக்கு அளந்து பாத்தியள்லா? அதுலயும் ஒரு ஓட்டையப் போட்டுப் பாத்துருங்க. வெறும் தண்ணிப் பைப்பு, செத்த நேரத்துல எறங்கிரும்."

இல்லீங்க, அப்படி இல்லீங்க என்று நான் என்னவோ சொன்னேன். எது இல்லை என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மெஷினை ஆன் செய்தார். நான் வழக்கம்போல அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க போறிய? இங்கன வாங்க." கறுப்புக் கண்ணாடி வைத்த மறைப்பை என் கையில் கொடுத்தார். தனக்கு இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "நல்லாப் பாத்துக்கிடுங்க."

பார்த்தேன். கண்ணாடி வழியே எல்லாம் கறுப்பு, ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் பச்சையாக ஒரு வெளிச்சம். அது மெல்ல நிரம்பி மூடிக்கொண்டது. ஆறினதும் அவர் தேய்க்கக் கையை நீட்டினார். கிரைண்டர் அங்கே இல்லை, என் கொட்டகையில் இருந்தது. அரத்தை எடுத்துக் கையாலேயே ராவினார். முழுசாக மட்டமாகவில்லை. திட்டு நின்றது. போதும் என்றார்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ப்ரைமர் டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் காலை அவர் மனைவி வந்து கிரைண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் வேலைக்குப் போனேன். சாயப்பட்டறையிலிருந்து கருநீல ரோல்கள் வந்திருந்தன. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். நூல் இருந்தது.