பண்டாரி கையில் ஊதா எண்ணெய்

ஸ்ரீவில்லிபுத்தூர் பீர் மைதீன் ராவுத்தர் இருபது வருஷமாகப் பண்டாரி. நிக்காஹ் வீடுகளில் நெய்ச்சோறும் கறியாணமும் ஆக்கிப்போடுவது அவர் தொழில். அவர் சமைத்ததைத் தின்று யாரும் செத்ததில்லை. பந்தியில் இடம் கிடைக்காமல் அடித்துக்கொண்டவர்கள்தான் உண்டு. முழங்கையில் வெள்ளை வெள்ளையாய்ச் செதில் உதிரும் படை ஒன்று வந்த பிறகுதான், அவர் கை அசுத்தம் என்கிற ஞானம் ஊருக்குப் பிறந்தது.

அது பிறந்த இடம் செட்டியார்பட்டி, ஜவுளி வியாபாரி அபுபக்கரின் மூத்த மகள் நிக்காஹ். பீர் மைதீன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அண்டாவில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வெற்றிலை எச்சில் துப்ப வந்த ஒரு பெரிய மனுஷர் அந்தக் கையைப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்திலேயே துப்பிவிட்டு, "பண்டாரிக்குக் குஷ்டம்!" என்றார். சுத்தம் பார்க்கிறவர் அல்லவா.

அபுபக்கர் பீர் மைதீனைத் தனியே அழைத்துப்போய், "தப்பா நெனைக்காதிய. நான் நம்பல. ஆனா வந்தவிய மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார், வெகு மரியாதையாக.

பீர் மைதீன் துடுப்பை வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அவர் கைபட்ட சோற்றைக் கொட்டியிருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஊரைத் தெரியாது. வேறொருவன் அண்டா மூடியைத் திறந்து தம் உடைத்தான். குஷ்டத்துக்குப் பயந்து எல்லாரும் இரண்டு தடவை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு சமைக்கக் கூப்பிட ஆள் வரவில்லை. யோசனை சொல்ல வந்தார்கள். கந்தகம் பூசு என்றார்கள், சாம்பல் பூசு என்றார்கள். ராஜபாளையம் சந்தையில் ஒருவன் பாதரசக் களிம்பு கொடுத்தான். மூன்றே நாளில் பலன் தெரிந்தது: படை அப்படியே இருக்க, சுற்றியிருந்த நல்ல தோல் கொப்பளித்தது. டாக்டர் ஒருவர் ஊசியால் குத்திப் பார்த்தார். பீர் மைதீன் அலறியதும், "உணர்ச்சி இருக்கு, குஷ்டமில்லை" என்றார். அதை ஊருக்கு வந்து சொல்லச் சொன்னபோது சிரித்தார்.

பீர் மைதீன் வீட்டுக்குள்ளும் கையைத் துண்டால் மூடிக்கொண்டு திரிந்தார். "மூடி வச்சா வேகுறதுக்கு அது என்ன சோறா?" என்றாள் மனைவி ஹபீபுன்னிசா.

நாலு மாசம் கழித்து மம்சாபுரத்து வெள்ளத்தாய் வந்தாள். விருந்துகளுக்கு அவர் கிடாய் வாங்குவது அவளிடம்தான். "என்ன ராவுத்தரே, கிடாயே கேக்கல? ஊருல ஒருத்தருக்கும் கல்யாணம் இல்லியா?"

அவர் துண்டை எடுத்துக் காட்டினார். அவள் ஆட்டுக் குளம்பைப் பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்றார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே படை இருந்துச்சு. மலையடிவாரத்துல வெட்பாலை மரம் நிக்குது. எலையைக் கையால கிள்ளணும், இரும்பு படக் கூடாது. தேங்காண்ணெயில போட்டு ஏழு நாளு வெயில்ல வைங்க. ஊதாவா மாறும். பொறவு தடவுங்க" என்று சொல்லி, மறுநாளே ஒரு மூட்டை இலை கொண்டுவந்தாள்.

சூரியன் ஏழு நாளில் செய்கிற வேலையைத் தன் அடுப்பு கால் மணியில் செய்துவிடும் என்று பண்டாரிக்கு நம்பிக்கை. எண்ணெயைக் காயவைத்து இலையைப் போட்டார். இலை முறுகி, எண்ணெய் கருகி, தெருவே நாறியது. ஹபீபுன்னிசா எட்டிப்பார்த்து, "தொட்டுக்கிட என்ன ஆக்கட்டும்?" என்றாள்.

மறுபடி இலை கொண்டுவந்த வெள்ளத்தாய், "வெயிலுக்கு ஒங்க கைப்பக்குவம் வேண்டாம். செத்த சும்மா இருங்க" என்றாள். இருபது வருஷத்தில் அவர் செய்த கஷ்டமான சமையல் அதுதான். கண்ணாடிக் குப்பியை மொட்டைவெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எண்ணெய் மெல்ல மெல்ல நாவல்பழ நிறத்துக்கு வந்தது.

கை, தலையணை, வேட்டி எல்லாம் ஊதா. நாற்பது நாளில் செதில் உதிர்ந்து, அரிப்பு அடங்கி, வெளிறிய தழும்பு மட்டும் மிஞ்சியது. "போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. பனிக்குத் திரும்ப வரும். வந்தா திரும்பத் தடவணும்" என்றாள் வெள்ளத்தாய்.

அபுபக்கரின் இரண்டாவது மகளுக்கு நிக்காஹ் குதிர்ந்தது. அவரே வந்தார். "இது குஷ்டமில்லைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னிய, எங்காதுல மட்டும்" என்றார் பீர் மைதீன். "வாரேன். ஆனா சட்டை இல்லாமத்தான் துடுப்புப் போடுவேன். பாக்கணும்ங்கிறவிய சாப்பிடுறதுக்கு முன்னாலயே பாத்துக்கிடட்டும். கிடாய் பூரா வெள்ளத்தாய்கிட்ட."

அப்படியே நடந்தது. வரிசையாக வந்து பார்த்தார்கள். வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள்.

மார்கழியில் படை ஒரு முழங்கையில் எட்டிப்பார்த்தது. அவர் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனார். இதற்குள் கௌரவமான மனுஷர்கள் சிலர் கொல்லைவாசல் வழியாக வந்து, "எனக்கில்ல, தெரிஞ்சவருக்கு" என்று குப்பி வாங்கிப்போக ஆரம்பித்திருந்தார்கள். யாருக்கு என்று பீர் மைதீன் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிற வெள்ளைச் சட்டைகளின் முதுகில் ஊதாக் கறையைப் பார்த்து, அந்தத் தெரிஞ்சவர்கள் யார் யார் என்று ஹபீபுன்னிசாதான் ஜன்னலுக்குள்ளிருந்து தெரிந்துகொண்டாள்.